அழுத்தம் கூடினால் குறைக்க வேண்டும் என்பதற்கு ஒரு விருதா? எட்வர்ட் ஃப்ரீஸ் உண்மையில் செய்தது என்ன

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மனிதரின் வாழ்க்கைக் குறிப்புதான்: எட்வர்ட் ஃப்ரீஸ் யார், உயர் ரத்த அழுத்தச் சிகிச்சையின் முன்னோடி என்று அவரைச் சொல்வது மிகையில்லையா என்பது. ஆனால் உங்களுடைய உண்மையான சந்தேகம் கேள்வியின் பின்பகுதியில் இருக்கிறது. "அழுத்தம் கூடினால் குறைக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே, அதைச் சொன்னதற்கு லாஸ்கர் விருது எதற்கு?" என்று, அமெரிக்காவின் புகழ்பெற்ற அந்த மருத்துவ விருதைப் பற்றிக் கேட்கிறீர்கள், கூடவே, உங்கள் தந்தை பல ஆண்டுகளாகச் சாப்பிட்டுவரும் மாத்திரைகளில் அவர் ஆராய்ந்த மருந்து ஏதேனும் உண்டா என்றும் கேட்கிறீர்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அன்றாடம் ரத்த அழுத்தம் பார்த்து மருந்து எழுதிவரும் பொது மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் வரலாற்று ஆய்வாளன் அல்லன். ஃப்ரீஸை அவர் நடத்திய ஆய்வுகளின் வழியாக மட்டுமே அறிவேன். ஆகவே அவருடைய குணநலன்களைப் பற்றிக் கதை சொல்லப் போவதில்லை.

முதலில், "யாருக்கும் தெரிந்ததுதானே" என்ற இடத்திலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரீவா ரொச்சி 1896-இல் அறிமுகப்படுத்தினார். ஸ்டெதஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து ஒலி கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் பிரித்தறியும் முறையை ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்கோவ் 1905-இல் சொன்னார். ஆக, அளக்கத் தெரிந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே. அளந்த அளவைக் குறைத்தால் நோயாளிக்கு நன்மையா தீமையா என்பதற்கு மறுக்க முடியாத சான்று கிடைத்ததோ 1967-இல். இடையிலிருந்த அறுபது ஆண்டுகளில் மருத்துவர்கள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதைக் குறைக்கக் கூடாது என்று நினைத்தார்கள்.

அவர்களுடைய வாதம் இன்றைக்குக் கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அதற்குள் ஒரு தர்க்கம் இருந்தது. வயதாக ஆக ரத்தக் குழாய்கள் தடித்துக் குறுகுகின்றன. குறுகிய குழாய் வழியாக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் போய்ச் சேர வேண்டுமானால் உடல் அழுத்தத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். உடலே செய்துகொண்ட அந்த ஏற்பாட்டில் நாம் கை வைத்தால் சிறுநீரகம் ரத்தமில்லாமல் வாடிவிடும் என்றார்கள். வேறு நோய் எதனாலும் வராத, தானாகவே வரும் உயர் அழுத்தத்துக்கு ஜெர்மானிய மருத்துவர் ஃபிராங்க் 1911-இல் "எசென்ஷியல்" என்ற அடைமொழியைச் சூட்டினார். காரணம் அந்த நிலைக்குள்ளேயே இருக்கிறது, வெளியே தேடிக் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். அதே சொல்லை "இன்றியமையாதது" என்று படித்துவிடவும் இடமிருந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் ஏறக்குறைய அப்படித்தான் படித்தார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு இருக்கும் பெரிய ஆபத்தே அது கண்டுபிடிக்கப்படுவதுதான், கண்டுபிடித்துவிட்டால் எவனாவது ஒரு முட்டாள் அதைக் குறைக்க முயல்வான் என்ற கருத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் ஹே 1931-இல் எழுதினார். அவர் இதய நோய்த் துறையில் மதிக்கப்பட்ட ஒருவர், போலி மருத்துவர் அல்லர்.

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மரணத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. அவருடைய தனி மருத்துவராக இருந்த மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். 1944 மார்ச்சில், கடற்படையின் இளம் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் முதன்முறையாக அதிபரைப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108 இருந்தது. இதயம் வீங்கிச் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. புரூன் திறமையானவர், நோயைச் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் அவரிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? டிஜிட்டாலிஸ் என்ற பழைய இதய மருந்து, உப்பைக் குறைத்த உணவு, ஓய்வு, சிகரெட்டைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை, அவ்வளவுதான். அடுத்த ஓராண்டில் அந்த அளவுகள் ஏறிக்கொண்டே போயின. 1945 ஏப்ரல் 12 அன்று, ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸில், தன்னை ஓவியமாக வரைய உட்கார்ந்திருந்த வேளையில், பின்தலையில் கடுமையான வலி என்று சொல்லிச் சரிந்தார். அப்போது புரூன் அளந்தது 300/190. மூளையில் ரத்தக்கசிவு, சில மணி நேரத்தில் இறந்துபோனார், வயது 63. உலகிலேயே மிகுந்த கவனிப்பைப் பெற்றிருக்க வேண்டிய நோயாளிக்கே நிலைமை இதுதான்.

எட்வர்ட் ஃப்ரீஸ் இந்தக் காலத்தில்தான் மருத்துவரானார். 1912-இல் சிகாகோவில் பிறந்தவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1940-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். போர்க்காலத்தில் ராணுவ விமானப் படையில் மருத்துவராகப் பணியாற்றிவிட்டு, போர் முடிந்ததும் பாஸ்டனுக்குத் திரும்பி, ராபர்ட் வில்கின்ஸ் என்ற ரத்த ஓட்ட ஆய்வாளரிடம் சேர்ந்தார். அப்போது உயர் அழுத்தத்துக்கு இரண்டே இரண்டு தீவிர சிகிச்சைகள் இருந்தன. ஒன்று, முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புகளை வெட்டியெடுக்கும் பெரிய அறுவை. அதில் பெயர் பெற்ற ஸ்மித்விக் பாஸ்டனில்தான் இருந்தார். இன்னொன்று, டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கெம்ப்னர் கொடுத்த, கிட்டத்தட்ட உப்பே இல்லாத, சோறும் பழமும் மட்டுமான உணவு. முதலாவதைத் தாங்க உடம்பு வேண்டும், இரண்டாவதைத் தாங்க மனம் வேண்டும். இரண்டையும் தாங்க முடியாதவர்கள் காத்திருந்து இறந்தார்கள். விழித்திரை வீங்கி, சிறுநீரகம் பழுதாகும் தீவிர வகை உயர் அழுத்தம் வந்தவர்களில் ஐந்துக்கு நான்கு பேர் ஓராண்டுக்குள் இறந்ததாக மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மூவர் 1939-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. இன்றைய புற்றுநோய்கள் பலவற்றைவிட மோசமான கணக்கு அது.

ஃப்ரீஸின் முதல் திருப்பம் மலேரியாவிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் சோதிக்கப்பட்ட மலேரியா மருந்துகளில் பென்டாக்வின் ஒன்று. அதை உட்கொண்டவர்கள் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்து மயங்குகிறார்கள் என்பது பக்கவிளைவாகப் பதிவாகியிருந்தது. மலேரியாக்காரர்களுக்குத் தொல்லையாக இருந்த அதையே பயனாக்கினால் என்ன என்று ஃப்ரீஸும் வில்கின்ஸும் நினைத்தார்கள். உயர் அழுத்த நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்ததன் முடிவு 1947-இல் வெளியானது: அழுத்தம் இறங்கியது. மருந்து என்னவோ நச்சுத்தன்மை மிகுந்தது. பசியின்மையும் குமட்டலும் வயிற்றுவலியும் நோயாளியைப் படுத்தி எடுத்தன. யாரும் வாழ்நாள் முழுவதும் விழுங்கக் கூடியதல்ல. பென்டாக்வின் அந்த நோக்கத்துக்கான மருந்தாக நிலைக்கவே இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுதியாயிற்று: கத்தி வைக்காமல், வாய்வழி மருந்தாலேயே அழுத்தத்தை இறக்க முடியும், இறக்கினால் நோயாளி உடனே செத்துவிடுவதில்லை.

1949-இல் ஃப்ரீஸ் வாஷிங்டனுக்குப் போனார். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் வேலை, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பொறுப்பு. அடுத்த பத்தாண்டுகள் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த காலம். ஹெக்சாமெத்தோனியம் என்ற ஊசி மருந்து வந்தது. அழுத்தத்தை நன்றாகவே இறக்கியது, கூடவே வாய் வறட்சி, மலச்சிக்கல், பார்வை மங்கல், எழுந்தால் மயக்கம் எல்லாவற்றையும் கொண்டு வந்தது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஹைட்ராலசின் வந்தது. நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேரிலிருந்து ரெசர்பின் வந்தது. சர்ப்பகந்தாவை உயர் அழுத்தத்தில் முறையாகச் சோதித்து, பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் எழுதியதுதான் மேலைநாட்டினரின் கவனத்தை அந்த வேரின் பக்கம் திருப்பியது. அதற்காக 1957-இல் அவரும் லாஸ்கர் விருது பெற்றார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வகத்தில் ரெசர்பினைத் தனியே பிரித்தெடுத்தார்கள். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல; பின்னால் ஃப்ரீஸ் நடத்திய சோதனையின் மூன்று கால்களில் ஒன்று இந்த வேரின் மேல் நின்றது என்பதற்காக.

1957-இல் குளோரோதயசைடு வந்தது. சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் இந்த மாத்திரையை உருவாக்கியவர்கள் மெர்க் நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்த பேயர், ஸ்பிராக், நொவெல்லோ, பேர் ஆகியோர், ஃப்ரீஸ் அல்லர். அது உயர் ரத்த அழுத்தத்தை இறக்குகிறது, மற்ற மருந்துகளோடு சேர்த்தால் அவற்றின் வீரியத்தையும் கூட்டுகிறது என்பதை நோயாளிகளிடம் காட்டியவர்களில் ஃப்ரீஸ் ஒருவர். "முதலில் காட்டியவர்" என்று சில குறிப்புகளில் படிக்கலாம். அதை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் பாஸ்டனில் ஹாலண்டரும் வில்கின்ஸும் ஏறக்குறைய அதே சமயத்தில் அதையே கண்டார்கள். அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதிலும் உறுதியும் சந்தேகமும் கலந்திருக்கின்றன. முதல் சில வாரங்களில் உப்பும் நீரும் குறைந்து ரத்தத்தின் கன அளவு சுருங்குவதால் அழுத்தம் இறங்குகிறது என்பது உறுதி. பிறகு கன அளவு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும் அழுத்தம் ஏன் தாழ்ந்தே நிற்கிறது, சிறு தமனிகள் எதனால் தளர்கின்றன என்பதற்கு இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை.

ஆக, 1960-இல் மருந்துகள் இருந்தன. தீவிர வகை நோயாளிகளை அவை காப்பாற்றுகின்றன என்பதும் தெரிந்துவிட்டது. சில மாதங்களில் இறந்திருக்க வேண்டியவர்கள் எழுந்து நடமாடுவதற்குப் புள்ளிவிவரம் தேவைப்படவில்லை. கேள்வி மற்றவர்களைப் பற்றியது. கீழ் அளவு 100, 110 என்று இருக்கும், வலி இல்லாத, மயக்கம் இல்லாத, வேலைக்குப் போய் வரும் மனிதருக்கு இந்த மருந்துகளை ஆண்டுக்கணக்கில் கொடுத்தால் ஆயுள் கூடுமா? இல்லை, கருவியில் தெரியும் அளவை மட்டும் அழகாக்கி, ஆளை மருந்தால் வாட்டுகிறோமா? நேர்மையான இரு மருத்துவர்கள் இதில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கலாம் என்ற நிலைதான் அன்று இருந்தது. தானே நூற்றுக்கணக்கானோருக்கு இந்த மருந்துகளைக் கொடுத்து, அவை பயனுள்ளவை என்று நம்பிய ஃப்ரீஸ், தன் நம்பிக்கையைச் சான்றாக முன்வைக்கவில்லை. என் கணிப்பில் அவர் முன்னோடியாவது இந்த இடத்தில்தான். மருந்து கண்டுபிடித்தவர்கள் பலர். தான் தோற்கவும் கூடும் என்ற வகையில் சோதனையை அமைத்தவர்கள் குறைவு.

முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் நாடெங்கும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருந்தன. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் அதே இடத்துக்கு வருவார்கள். பல மருத்துவமனைகள் ஒரே விதிமுறையில் சேர்ந்து ஆய்வு நடத்தும் பழக்கம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்த காலத்திலிருந்தே அங்கே வேரூன்றியிருந்தது. அந்த அமைப்பை ஃப்ரீஸ் உயர் அழுத்தத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். சோதனையில் சேர்க்கும் முன் ஒவ்வொருவரையும் மருத்துவமனையில் படுக்க வைத்து, நான்காம் நாளிலிருந்து ஆறாம் நாள்வரை எடுத்த அளவுகளின் சராசரியைப் பார்த்தார்கள். மருத்துவரைக் கண்டதும் ஏறும் அழுத்தமும், மாடிப்படி ஏறி வந்ததால் கூடிய அழுத்தமும் அந்த நாட்களுக்குள் வடிந்துவிடும். இன்று இரண்டு நிமிடத்தில் ஒரு தடவை அளந்துவிட்டு ஆயுள் முழுவதற்கும் மருந்து எழுதும் எங்களைப் போன்றவர்கள் சற்று வெட்கப்பட வேண்டிய கவனம் இது.

அதன் பிறகும் சேர்த்துவிடவில்லை. வெளிநோயாளிகளாக வரச் சொல்லி, சில காலம் எல்லோருக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரைகளைக் கொடுத்தார்கள். அந்த மாத்திரைக்குள் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினைச் சிறிதளவு வைத்திருந்தார்கள். மாத்திரையை உண்மையிலேயே விழுங்கியவரின் சிறுநீரைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். குப்பையில் போட்டுவிட்டு "சாப்பிட்டேன்" என்று சொன்னவரின் சிறுநீர் ஒளிராது. போதாக்குறைக்கு, திரும்பி வரும்போது மிச்ச மாத்திரைகளையும் எண்ணினார்கள். குறித்த நாளில் வராதவர்கள், மாத்திரைக் கணக்கு ஒத்துவராதவர்கள் எல்லோரும் கழிக்கப்பட்டார்கள். மிஞ்சிய 523 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு (குளோரோதயசைடின் நெருங்கிய உறவு மருந்து), ரெசர்பின், ஹைட்ராலசின் ஆகிய மூன்றையும், மறு பாதிக்கு அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரைகளையும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 பேரின் முடிவு எதிர்பார்த்ததைவிட வெகு சீக்கிரம் வந்துவிட்டது. வெற்று மாத்திரை பெற்ற 70 பேரில் 27 பேருக்குக் கடுமையான பாதிப்புகள் ஏற்பட்டன. மருந்து பெற்ற 73 பேரில் 2 பேருக்கு. முதல் பிரிவில் 4 பேர் இறந்தார்கள், இரண்டாம் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. இதெல்லாம் சராசரியாக இரண்டாண்டு நிறைவதற்குள் நடந்தது. வேறுபாடு இவ்வளவு அப்பட்டமான பிறகு யாருக்கும் வெற்று மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் அந்தப் பிரிவை மட்டும் நிறுத்தி, 1967 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். கீழ் அளவு 90 முதல் 114 வரை இருந்த மற்ற 380 பேரின் சோதனை தொடர்ந்தது. அதன் முடிவு 1970 ஆகஸ்டில் வந்தது. ஐந்தாண்டுக் காலத்தில் பெரும் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு மருந்தில்லாதவர்களுக்கு 55 சதவீதம், மருந்து பெற்றவர்களுக்கு 18 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். ரத்த அழுத்தத்தோடும் தமனித் தடிப்போடும் தொடர்புடைய மரணங்கள் மருந்தில்லாதவர்களில் 19, மருந்து பெற்றவர்களில் 8.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு அநியாயம் நடந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் மருத்துவம் படிக்கும்போது அப்படித்தான் தோன்றியது. கீழ் அளவு 120 உள்ளவரை இன்று ஒருவர் மருந்தில்லாமல் விட்டால் அது குற்றம். ஆனால் அது குற்றம் என்று நமக்குத் தெரிவதே அந்த 70 பேரால்தான். சோதனை தொடங்கியபோது அந்த அளவில் மருந்தே கொடுக்காத மருத்துவர்கள் ஏராளம். அவர்களிடம் போன நோயாளிகளின் கதி எங்கும் பதிவாகாமலே போயிற்று.

சோதனையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பங்கேற்றவர்கள் அனைவரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. ஒளிரும் சிறுநீரைக் காட்டி, மாத்திரைக் கணக்கில் தேறிய ஒழுங்கான நோயாளிகளிடம் கிடைத்த பலன் இது; மறந்துபோகிறவர்களும் பாதியில் விடுகிறவர்களும் நிறைந்த சாதாரண உலகில் இதே அளவுக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பக்கவாதத்தையும் இதயச் செயலிழப்பையும் மருந்து நன்றாகத் தடுத்தது. இதயத் தமனி அடைப்பால் வரும் பாதிப்புகளைத் தடுப்பதில் அந்த அளவுக்குச் சாதிக்கவில்லை. தொடக்கத்தில் அழுத்தம் எவ்வளவு அதிகமாக இருந்ததோ அவ்வளவு அதிகமாகப் பலனும் இருந்தது. ஆகவே 90-க்கும் 104-க்கும் இடைப்பட்டவர்களைப் பற்றிய விடை இந்தச் சோதனையில் தெளிவாக இல்லை. அது பிற்பாடு, 1980-இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை, 17,000-க்கும் மேற்பட்டோரை வைத்து 1985-இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஆகியவற்றின் வழியாகச் சிறிது சிறிதாகத் தெளிந்தது. இன்னொரு நியாயமும் செய்ய வேண்டும். இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு நகரில் ஹாமில்டன் என்ற மருத்துவரும் சகாக்களும் அறுபத்து சொச்சம் நோயாளிகளை வைத்து, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தினால் பக்கவாதம் குறைகிறது என்று 1964-லேயே எழுதினார்கள். கருத்து அவர்களுடையதும்தான். ஆனால் சிறிய சோதனையை எதிர்வாதம் செய்து ஒதுக்கிவிட முடிந்தது. படைவீரர் மருத்துவமனைகளின் சோதனையை ஒதுக்க முடியவில்லை.

அப்படியானால் ஃப்ரீஸின் பெயர் ஏன் பொதுமக்களிடம் பரவவில்லை என்பதற்கு ஓரளவு விடை அந்தக் கட்டுரைகளின் முகப்பிலேயே இருக்கிறது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டு ஆய்வுக் குழுவின் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. பென்சிலினுக்கு ஃபிளெமிங், இன்சுலினுக்கு பான்டிங் என்று ஒரு பொருளோடு ஒரு பெயரை ஒட்டிவிடலாம். ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை கண்டவரை எதனோடு ஒட்டுவது? மருத்துவ உலகம் மறக்கவில்லை. 1971-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. விருது நிறுவனத்தின் மேரி லாஸ்கர் அந்தச் சோதனை முடிவுகளை அப்போதைய அமெரிக்கச் சுகாதாரத் துறைச் செயலர் எலியட் ரிச்சர்ட்சனின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1972-இல் உயர் ரத்த அழுத்தத்தைப் பற்றித் தேசிய அளவிலான கல்வித் திட்டம் தொடங்கியது. உயர் அழுத்தம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிகிச்சை எடுப்பதில்லை, எடுப்பவர்களில் பாதிப் பேருக்கே கட்டுக்குள் இருக்கிறது என்ற "பாதிகளின் விதி" பேசப்பட்ட காலம் அது. 1972-க்குப் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டில் அமெரிக்காவில், வயதைக் கணக்கில் கொண்டு திருத்திய பக்கவாத மரண விகிதம் கிட்டத்தட்ட 60 சதவீதம் குறைந்தது. அதை முழுவதுமாக ஃப்ரீஸின் கணக்கிலோ மாத்திரைகளின் கணக்கிலோ எழுதிவிடக் கூடாது. அந்தச் சரிவு 1972-க்கு முன்னரே தொடங்கிவிட்டது. புகைபிடித்தல் குறைந்ததற்கும் இதில் பங்கு உண்டு. மாத்திரைகளுக்குப் பெரும் பங்கு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனை சதவீதம் என்று கேட்டால் அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது.

பிந்திய ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். உணவில் உப்பு மிகக் குறைவாக இருக்கும் சமூகங்களில் உயர் ரத்த அழுத்தம் ஏறக்குறைய இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, உப்பைக் குறைத்தால் நோயையே வராமல் தடுக்கலாம் என்று 1976-இல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான இன்னொரு கூட்டு ஆய்வு, என் அன்றாட வேலைக்கு மிக நெருக்கமானது. மருந்தால் நன்கு கட்டுப்பட்டிருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினரை அவர்கள் அறியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்கு மட்டுமே அழுத்தம் ஏறாமல் இருந்தது. "இப்போது நார்மலாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு மாத்திரை?" என்று வாரம் ஒருவராவது என் எதிரில் அமர்ந்து கேட்கிறார். ஒரேயடியாக மறுக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த 15 சதவீதத்தினர் உண்மையில் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவர் அவர்களில் ஒருவரா என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் வழி எங்களிடம் இல்லை. ஆகவே அளவு மிகாத லேசான நோயாளிக்கு, எடையையும் உப்பையும் குறைத்த பிறகு, கண்காணிப்போடு மெதுவாகக் குறைத்துப் பார்ப்போம் என்பேன். மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன்.

அழுத்தத்தை எவ்வளவு தூரம் இறக்கலாம் என்பது ஃப்ரீஸ் விட்டுப்போன கேள்வி. இன்னும் முழுதாக முடியவில்லை. அவருடைய காலத்தில் கீழ் அளவைத்தான் பெரிதாக எண்ணினார்கள். நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு மேல் அளவே முக்கியம் என்பது பிறகுதான் நிலைபெற்றது. 60 வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 1991-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் மேல் அளவை மட்டும் இறக்கியதிலேயே பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுபோனால் கூடுதல் நன்மை உண்டு என்று 2015-இல் ஒரு பெரிய சோதனை காட்டியது. ஆனால் அதில் அளவு எடுத்த முறை சாதாரணக் கிளினிக்கில் எடுப்பதைவிட நிதானமானது. அந்த எண்ணை அப்படியே எங்கள் மேசைக்குக் கொண்டுவரலாமா என்பதில் நிபுணர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நானும் தலை சுற்றல் உள்ள வயோதிகருக்கு அந்த எண்ணைத் துரத்துவதில்லை.

ஃப்ரீஸ் 2005 பிப்ரவரியில், 92 வயதில், வாஷிங்டனில் காலமானார். குளோரோதயசைடு வகையைச் சேர்ந்த தயசைடு மாத்திரைகள் கொலஸ்டிராலைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைத்து இதயத் துடிப்பைக் குலைக்கும் என்று 1980-களில் பலர் புதிய, விலை கூடிய மருந்துகளுக்கு மாறியபோது, அந்த அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று அவர் தொடர்ந்து வாதிட்டார். 30,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஒப்பீட்டுச் சோதனையில், அதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய குளோர்தாலிடோன் புதிய மருந்துகளுக்குச் சளைக்கவில்லை. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார். பொட்டாசியம் குறைவது மட்டும் பொய்யான அச்சம் அல்ல. ஆண்டுக்கு ஓரிரு முறை ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

உங்கள் தந்தையின் மாத்திரைகளுக்கு வருகிறேன். ஃப்ரீஸின் மூன்று மருந்துகளில் ரெசர்பின் மனச்சோர்வு பற்றிய பயத்தால் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஹைட்ராலசின் இன்று பெரும்பாலும் கர்ப்ப காலத்தில் திடீரென ஏறும் அழுத்தத்துக்கும், சில இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குமான மருந்து. ஹைட்ரோகுளோரோதயசைடு மட்டும் அழியாமல் இருக்கிறது, பெரும்பாலும் தனியாக அல்ல, வேறொரு மருந்தின் முதுகில் ஏறிக்கொண்டு. அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் "எச்" என்ற எழுத்து ஒட்டியிருந்தால், சேர்மானங்களில் இரண்டாவதாக ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் என்று அநேகமாக இருக்கும். அந்த 523 பேரில் மருந்துப் பக்கம் விழுந்தவர்கள் நாளொன்றுக்கு விழுங்கியது 100 மில்லிகிராம்.